சிப்பாயின் நெற்றியும் கோட்டையின் சட்டமும்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன் விழித்தெழுபவர் இருவகையினர். வயலுக்கும் தோட்டத்துக்கும் நீர் பாய்ச்சச் செல்லும் உழவர் ஒருவகை. படையில் சேரவேண்டும் என்ற வேட்கையோடு சாலையோரம் ஓடிப் பழகும் இளைஞர் மற்றொரு வகை. உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி என எவ்வூரின் எல்லையில் நின்றாலும் இக்காட்சியைக் காணலாம். 1600 மீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய தினசரிச் செபம் போலாகிவிட்டது. 2022-இல் அக்னிவீர் திட்டம் வந்து, பெரும்பாலோருக்குப் பணிக்காலம் நான்கே ஆண்டு என்றான பின்னும் ஓட்டம் நின்றபாடில்லை.

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

“ஐயா, ஒரு சங்கதி கேக்கணும். எம்மகன் எழுத்துப் பரீட்சையில பாசாகி, ஓட்டத்துலயும் பாசாயிட்டான். தோள்பட்டையில பச்சை குத்தியிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சிலுவையத்தானய்யா குத்தியிருக்கான்? வேற என்னத்தக் குத்தினான்?”

விதியை எடுத்துச் சொன்னேன். முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரை, அல்லது புறங்கையில் மட்டுமே பச்சை குத்தியிருக்கலாம். உடலின் வேறெந்தப் பகுதியில் நிலையான பச்சைக்குறி இருந்தாலும் இந்தியத் தரைப்படையின் ஆள்சேர்ப்பில் இடமில்லை. பழங்குடி மக்கள் தம் மரபுப்படி குத்திக்கொள்ளும் குறிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. குறி சிலுவையா, வேலா, பிறையா, காதலியின் பெயரா என்பது இங்குப் பேச்சே இல்லை; எந்த இடம் என்பதே பேச்சு.

அத்தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “சட்டை போட்டா வெளிய தெரியாத எடம். அங்க என்ன இருந்தா அவுகளுக்கு என்னய்யா?”

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. வீடு திரும்பிய பிறகும் அது என்னை விட்டு அகலவில்லை. ஒரு வீரனுடைய தோலின்மீதும், தாடியின்மீதும், நெற்றியின்மீதும் படைக்கு எவ்வளவு உரிமை உண்டு? அந்த உரிமை எந்த இடத்தில் முடிகிறது? இது புதிய கேள்வி அன்று. நம் தமிழகத்திலேயே, ஒரு கோட்டைக்குள்ளே, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விக்காக நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் மாண்டனர்.

அந்தக் கோட்டைக்குள் நுழையுமுன் படையின் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். போர்க்களத்துப் புகையிலும் இரைச்சலிலும் நண்பன் யார், பகைவன் யார் என்று கணப்பொழுதில் அறிய உடை ஒன்றாயிருத்தல் வேண்டும். நாட்கணக்கில் குளிக்க வழியில்லாத இடத்தில் நீண்ட முடி பேனுக்கும் புண்ணுக்கும் இடமாகும். நச்சுவாயுத் தடுப்பு முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்பதற்கு அடர்ந்த தாடி இடையூறு. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வெவ்வேறு ஊர், வெவ்வேறு குலம், வெவ்வேறு மறையைச் சேர்ந்தவர்கள் ஒருவருக்காக ஒருவர் உயிர்விடத் துணிய வேண்டிய இடம் அது. பார்த்த மாத்திரத்தில் ‘நீ வேறு, நான் வேறு’ என்று சொல்லும் அடையாளங்கள் அங்கே குறைந்திருப்பது நலமே. இக்காரணங்களை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும், நியாயமான காரணமுள்ள சட்டமும் எப்படிக் குருதியில் முடியும் என்பதற்கு வேலூர் சாட்சி.

1805-ஆம் ஆண்டு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படைக்குச் சேனாதிபதியாக இருந்தவர் சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. படையில் ஒழுங்கு போதவில்லை, ஒவ்வொரு பட்டாளமும் ஒவ்வொரு விதமாக உடுத்துகிறது என்று கிரடாக் கருதினார். நவம்பரில் புதுவகைத் தலைப்பாகை ஒன்றுக்கு இசைவு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் படைவிதிகளின் புதிய தொகுப்பு வெளிவந்தது. அதில் ஒரு பத்தி, பத்தாம் பத்தி. சீருடையில் இருக்கும்போது சுதேசிச் சிப்பாய் எவரும் தம் சாதியைக் காட்டும் குறியை முகத்தில் இடலாகாது, காதில் கடுக்கன் அணியலாகாது, அணிவகுப்பின்போதும் பணியின்போதும் மோவாயை மழித்திருக்க வேண்டும், மீசையின் அளவும் வடிவும்கூட இயன்றவரை ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இன்று அப்பத்தியை வாசிக்கும் நம்மில் சிலருக்கு, ‘சாதிக்குறியை விலக்கியது நல்லதுதானே?’ என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆயினும் அதை எழுதியவர்கள் சாதியை ஒழிக்க எண்ணி எழுதவில்லை. வரிசை அழகாகத் தெரியவேண்டும் என்று எழுதினர். நெற்றியில் இருக்கும் திருநீறும் திருமண்ணும், இசுலாமியரின் தாடியும், செவியின் கடுக்கனும் அவர்கள் பார்வைக்கு ஒரே தரத்தவை. பித்தளைப் பொத்தானைப் போலத் துலக்கியோ கழற்றியோ சீராக்க வேண்டியவை. அணிந்திருப்பவனுக்கு அவற்றுள் ஒன்று ஆடம்பரம், ஒன்று குலவழக்கம், ஒன்று கடவுளோடு செய்துகொண்ட உடன்படிக்கை. இந்த வேறுபாட்டை யாரும் கேட்டறியவில்லை. ஆளுநர் சபையும் அப்பத்தியைத் தனியே எடுத்து ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

தலைப்பாகையோ அதனினும் மோசம். விறைப்பான வட்டச் சட்டமும், முகப்பில் தோலால் செய்த குஞ்சமும் கொண்டது அது. தூரத்திலிருந்து பார்த்தால் ஐரோப்பியர் தொப்பி போலவே தோன்றிற்று. அக்காலத் தமிழ்நாட்டில் தொப்பிக்காரர் என்றாலே பரங்கியர் என்று பொருள். தொப்பி அணிந்தவன் பரங்கி. பரங்கி என்றால் கிறிஸ்தவன். தோல் எந்த மிருகத்தினுடையதோ? பசுவினுடையதாயின் இந்துவுக்கு ஆகாது, பன்றியினுடையதாயின் இசுலாமியருக்கு ஆகாது. ஆகவே சிப்பாய்கள் கண்ணுக்கு அது தலைப்பாகையாகத் தெரியவில்லை. ஞானஸ்நானத் தொட்டியாகத் தெரிந்தது. சிப்பாய்களின் உடையில் தொங்கவிடப்பட்ட, துப்பாக்கியைத் திருகிக் கழற்றும் சிறு கருவி ஒன்றுகூடச் சிலுவை வடிவில் இருப்பதாகப் பேச்சு எழுந்தது. சந்தையிலும் சத்திரத்திலும் மக்கள் ஏளனம் செய்தனர். சிப்பாய்க்குப் படைத்தலைவனின் கோபத்தைவிடத் தன் தெருவின் ஏளனம் கூர்மையாகத் தைத்தது.

நாம் வணங்கும் சிலுவை அங்கே அச்சத்தின் அடையாளமாயிற்று என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. நேசத்தின் சின்னம் கட்டாயத்தின் நிழலில் வைக்கப்படும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு அது நேசத்தின் சின்னமாகத் தெரிவதில்லை.

1806 மே மாதத் தொடக்கத்தில் வேலூரில் இருந்த நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்துச் சிப்பாய்கள் அத்தலைப்பாகையை அணிய மறுத்தனர். வாளை எடுக்கவில்லை, மறுத்தனர், அவ்வளவே. விளைவு, இராணுவ விசாரணை. இருவருக்குக் கசையடியும் பணிநீக்கமும்; ஒருவர் இந்து, ஒருவர் இசுலாமியர். மேலும் பத்தொன்பது பேருக்கு விதிக்கப்பட்ட கசையடி, அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் நிறுத்தப்பட்டது. ‘இது எங்கள் மறைக்கு மாறு’ என்று வெளிப்படையாகச் சொன்னவனுக்கு முதுகில் விடை கிடைத்தது. அதன்பின் எவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இரவில் கூடிப் பேசினர்.

ஜூன் மாத நடுவில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் தம் ஆங்கிலத் தளபதியிடம் சென்று சதி நடப்பதாகத் தெரிவித்தார். தளபதி சுதேசி அதிகாரிகளை அழைத்து விசாரித்தார். சதியில் பங்குகொண்டிருந்த அவர்களே, ‘இவனுக்குச் சித்தம் பிறழ்ந்துவிட்டது’ என்று சான்று பகர்ந்தனர். பேக் காவலில் வைக்கப்பட்டார். சென்னையிலோ, சிப்பாய்களின் மறையில் தலையிடும் எண்ணம் அரசுக்கு இல்லை என்று அறிவிக்கும் ஆணையொன்று ஜூலைத் தொடக்கத்தில் ஆலோசிக்கப்பட்டு, ‘எல்லாம் அடங்கிவிட்டது’ என்ற நம்பிக்கையில் வெளியிடப்படாமலே கிடந்தது. ஒரு தாள் வெளிவந்திருந்தால் என்னவாகியிருக்குமோ!

ஜூலை 10, விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வெடி முழங்கிற்று. கோட்டையில் மூன்று சுதேசிப் பட்டாளங்களும், ஆங்கில அரசரின் 69-ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த நான்கு கம்பெனிகளும் இருந்தன. உறங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியப் படையினர் பாசறையிலேயே சுடப்பட்டனர். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் வீட்டு வாயிலுக்கு வெளியே வந்ததும் வீழ்த்தப்பட்டார். அவருடைய மனைவி குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர்தப்பி, அந்தக் காலைப்பொழுதைப் பின்னர் எழுதிவைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவருடைய குடும்பத்தார் அக்கோட்டை அரண்மனையிலேயே வைக்கப்பட்டிருந்தமையால், மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது.

செய்தி ஆற்காட்டுக்கு எட்டியது. சுமார் 25 கிலோமீட்டர் தொலைவு. அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, கயிற்றின் உதவியால் மதிலேறி, பின்னர்ப் பீரங்கிகளால் வாயிலைத் தகர்த்துத் தம் படையை உள்ளே புகவிட்டார். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனையில் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். மாண்ட சிப்பாய்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. மிகக் குறைத்துச் சொல்லும் கணக்கே முந்நூற்றைம்பது என்கிறது. விசாரணைக்குப்பின் சிலர் பீரங்கி வாயில் கட்டப்பட்டுச் சிதறடிக்கப்பட்டனர், சிலர் தூக்கிலிடப்பட்டனர்.

ஒரே வாரத்தில், ஜூலை 17-இல், அந்தத் தலைப்பாகை ஆணையும் முகக்குறி பற்றிய விதியும் திரும்பப் பெறப்பட்டன! அடுத்த ஆண்டு கிரடாக்கும் பெண்டிங்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர். விசாரணைக் குழுவினர் காரணங்களாகக் கண்டவை இரண்டு: உடை விதிகள் ஒன்று, திப்புவின் குடும்பத்தார் அங்கிருந்தது மற்றொன்று. அரசியல் காரணமே முதன்மை என்போரும் உண்டு. இருக்கலாம். ஆனால் காய்ந்த விறகு எங்கும் கிடக்கும். தீக்குச்சி எது என்பதில் ஐயமில்லை. பின்னாளில் தலைமை ஆளுநராக மீண்டும் வந்த பெண்டிங்க், 1835-இல் சுதேசிப் படையில் கசையடியை ஒழித்தார். வேலூர் அவர் நினைவில் இருந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இங்கிலாந்திலோ, ‘மறைபரப்பாளரே இதற்கெல்லாம் காரணம்’ என்று ஒருசாராரும், ‘இல்லை’ என்று மறுசாராரும் ஆண்டுக்கணக்கில் துண்டுப்பிரசுரங்களால் போர் புரிந்தனர். நம் மதுரை மிஷனைப் பொறுத்தவரை அந்நாளில் குருக்களே அரிது. 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின், 1838 அளவில் பிரெஞ்சுக் குருக்கள் வந்து சேரும்வரை, இத்தென்பகுதிக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் மேய்ப்பரில்லா மந்தையாகவே இருந்தனர்.

மதுரை மிஷன் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. வேலூர்ச் சம்பவத்துக்குச் சரியாக இருநூறு ஆண்டு முன்னர், 1606 நவம்பரில், இத்தாலிய உயர்குடிப் பிறந்த இளங்குரு ஒருவர் மதுரைக்கு வந்தார். அவர்தாம் தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நோபிலி. பரங்கி என்ற சொல்லும் அதனோடு ஒட்டிய தோற்றமுமே மக்களைத் திருமறையிடமிருந்து விலக்குகின்றன என்று அவர் கண்டார். கறுப்பு அங்கியைக் களைந்தார், தோல் காலணியை விட்டார், காவியும் மரப்பாதுகையும் பூண்டார், புலால் நீத்தார். தம்மிடம் திருமுழுக்குப் பெற்றோர் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விடவேண்டுவதில்லை என்றார்.

அவருடன் இருந்த முதிய குருவானவரே அவர்மீது முறையீடு செய்தார். ‘இவை பொய்மறையின் சின்னங்கள், இவற்றை அனுமதிப்பது விசுவாசத்துக்குக் கேடு’ என்பது முறையீடு. நோபிலியின் உறவினரும் திருச்சபையின் பேரறிஞருமான கர்தினால் பெல்லார்மினே முதலில் மனம் கலங்கிக் கண்டித்து எழுதினார். நோபிலி சினங்கொள்ளவில்லை, சோர்ந்துவிடவும் இல்லை. குடுமி எதைக் குறிக்கிறது? பூணூலை யார் அணிகின்றனர், எதற்கு? எது கடவுள் வழிபாடு, எது குடிமரபு, எது வெறும் அலங்காரம்? வடமொழி நூல்களையும் தமிழ்நாட்டு வழக்கங்களையும் சான்று காட்டி விளக்கம் எழுதினார். 1619-இல் கோவாவில் விவாதம் நடந்தது. இறுதியில் 1623 ஜனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடவழிபாட்டுப் பொருள் கலவாதவாறு, தக்க நிபந்தனைகளோடு, பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் அனுமதிக்கப்படலாம் என்று ஆணையிட்டார்.

முறையீட்டிலிருந்து முடிவு வரை ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள்! ஒரு நூலுக்கும் ஒரு குடுமிக்கும் இத்தனை ஆண்டா என்று நகைப்பவரும் உண்டு. வேலூர்ச் சேனாதிபதிக்கோ ஒரு பத்தி எழுதுவதற்கு ஆகும் நேரமே போதுமாயிருந்தது. பதின்மூன்று ஆண்டு விவாதத்தில் ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நோபிலியின் வழியில் குறையே இல்லை என்று நான் கூறமாட்டேன். குலமரபை அப்படியே ஏற்றுக்கொண்டதால் திருச்சபைக்குள்ளும் சாதி வேலி நுழைந்தது. அதன் வடு நம் கல்லறைத் தோட்டங்களில்கூடப் பன்னெடுங்காலம் தெரிந்ததை நாம் அறிவோம். அடையாளங்களை அப்படியே விட்டுவிடுவதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அவர் ஒன்றைச் செய்தார்: அணிந்திருப்பவனிடம் சென்று, ‘இது உனக்கு என்ன பொருள்?’ என்று கேட்டார். சட்டம் இயற்றுவோர் முதலில் செய்யவேண்டிய வேலையும் அதுதான்.

நிற்க. முகமயிர் பற்றிய விதிகளின் வரலாற்றில் நகைப்புக்கும் இடமுண்டு. சிப்பாயின் மீசைக்கு அளவு வகுத்த ஆங்கிலேயர், தம் படையினர் மேலுதட்டை மழிக்கவே கூடாது என்று பிற்காலத்தில் தமக்கே சட்டம் செய்துகொண்டனர். மீசையற்ற முகத்தை இந்தியர் ஆண்மையற்றதாகக் கருதியதும் அம்மனமாற்றத்துக்கு ஒரு காரணம் என்பர். முதல் உலகப் போரின் நடுவே, 1916 அக்டோபரில்தான் அக்கட்டாயம் நீங்கிற்று. தாடியை அவர்களுடைய தரைப்படை பொதுவாக அனுமதித்ததோ 2024-இல்.

நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு மிகவும் பழக்கமான படைவீரர் முகம் ஒன்று உண்டு. கர்னல் ஜான் பென்னிகுக்கின் முகம். வீட்டுச் சுவரிலும் தேநீர்க் கடையிலும் மாட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். 2013-இல் லோயர்கேம்ப்பில் திறக்கப்பட்ட மணிமண்டபத்துச் சிலையைப் பாருங்கள். எடுப்பான மீசை. அது அவருடைய விருப்பமாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அவர் காலத்து ஆங்கிலப் படைவிதியும் அதையே கோரிற்று. 1887 முதல் 1895 வரை முல்லைப்பெரியாறு அணை எழும்பிய காட்டில், அவருடைய மேற்பார்வையில் சென்னைப் பயனியர் படையின் இரு பட்டாளத்தாரும் உழைத்தனர். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் நம் மக்களுக்காகத் தண்ணீர் கொண்டுவந்தவர்களுள் அவர்களும் அடங்குவர். இன்று பொங்கல் நாளில் பென்னிகுக் படத்துக்கு மாலையிடுகிறோம். அந்தச் சிப்பாய்களின் முகங்கள் நம்மிடம் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் படையில் சீக்கியர் தாடியும் தலைப்பாகையும் தரித்தே பணிபுரிகின்றனர். கடற்படையில் மேலதிகாரியின் அனுமதியோடு தாடி வளர்க்கலாம். விமானப்படையிலோ, முடி களைவதையும் முகம் மழிப்பதையும் எவருடைய மறை தடைசெய்கிறதோ அவர்களுக்கு மட்டுமே தாடி அனுமதி. இந்த விதியை எதிர்த்து, தாடி வளர்த்ததற்காக 2008-இல் பணியிழந்த இசுலாமியர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு எதிராகவே வந்தது. இசுலாத்தில் தாடி மழிப்பது முற்றிலும் தடையென்று நீதிமன்றத்தின் முன் நிலைநாட்டப்படவில்லை என்றும், இவ்விதியின் நோக்கம் எந்த மறையையும் தாழ்த்துவதன்று, படையின் ஒருமைப்பாடும் ஒழுங்குமே என்றும் நீதிபதிகள் கூறினர். படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 33-ஆம் விதி நம் அரசியல் சட்டத்திலேயே உள்ளது.

அத்தீர்ப்பை ஏற்பவரும் உண்டு, வருந்துபவரும் உண்டு. ‘ஒருவனுக்கு எது மறைக்கடமை என்பதை நீதிமன்றம் எப்படித் தீர்மானிக்கலாம்?’ என்று கேட்பவரின் கேள்வியில் எனக்கு அனுதாபம் உண்டு. நாளை உத்தரியத்தைப் பற்றியோ செபமாலையைப் பற்றியோ அதே கேள்வி நம்மிடமும் எழலாம் அல்லவா? ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 1806-இல் ‘இது என் மறைக்கு மாறு’ என்று சொன்னவன் கட்டிவைத்து அடிக்கப்பட்டான். நம் காலத்தில் அதையே சொன்னவர், நாட்டின் உயர்ந்த மன்றத்தில் வழக்கறிஞரை வைத்து வாதாடினார். தோற்றார், ஆனால் கேட்கப்பட்டார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் வேலூரில் சிந்திய இரத்தத்தால் அளக்கப்பட்டது என்றே கருதுகிறேன்.

பச்சைகுத்தும் விதிக்கு வருகிறேன். அத்தாயின் கேள்வி நியாயமானது. சட்டைக்குள் மறைந்திருப்பதால் வரிசையின் அழகு கெடப்போவதில்லை. ஆனால் இவ்விதியில் ஒரு நேர்மையும் இருப்பதாக எனக்குப்படுகிறது. எந்த மறையின் குறி என்று அது வேறுபாடு காட்டுவதில்லை. இடத்தை மட்டுமே வரையறுக்கிறது. மேலும், வேலூரில் சட்டம் வந்தது சேர்ந்தபின். இங்கோ சேருமுன்பே அறிவிப்பில் அச்சிட்டுத் தரப்படுகிறது. குறை எங்கே என்றால், அந்த அறிவிப்பைப் படித்துச் சொல்ல நம் ஊர்களில் ஆளில்லை என்பதில் இருக்கிறது. பதினாறு வயதில் திருவிழாக் கடையில் நண்பர்களோடு போட்டிக்குக் குத்திக்கொண்ட குறி, பத்தொன்பது வயதில் வாழ்க்கையின் வாசலை அடைக்கும் என்பதை அப்பிள்ளைக்கு யார் சொன்னார்? மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லவில்லை. பள்ளியிலும் சொன்னதாகத் தெரியவில்லை. குத்துபவன் சொல்லப்போவதில்லை. இதற்கு இளைஞர் இயக்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்.

அழித்துவிடலாமே என்பார் உளர். ஒளிக்கதிர் கொண்டு பலமுறை சுட்டு நீக்க வேண்டும். செலவும் மிகுதி, தழும்பும் நிற்கலாம். அவனோ சிலுவையைச் சுட்டு நீக்க மனமில்லை என்று சொல்லிவிட்டானாம். திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டான் என்று கேள்வி.

சென்ற மாதம் அத்தாயை மீண்டும் அதே முற்றத்தில் கண்டேன். இளைய மகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். பதினோராம் வகுப்பில் படிப்பவன். அண்ணனைப் போலவே தானும் சிலுவை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். அதே மூச்சில் பட்டாளத்துக்கும் போகவேண்டும் என்கிறானாம்.

“அந்த எடத்தக் கொஞ்சம் காட்டிக்குடுங்கய்யா” என்றார்.

பையனின் கையைப் பிடித்து, முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டுவரை விரலால் கோடு காட்டினேன். அத்தாய் அந்த இடத்தைச் சாண் வைத்து அளந்து பார்த்தார். பின்பு சிரித்தார்.

“எங்க ஆத்தா கோலம் குத்தியிருந்த எடமுல்ல இது.”